மேட்டைப் பார்த்து நின்ற வண்டி

உறைபனிக் காலத்தில் எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்கு வண்டியில்தான் போக வேண்டும். என் வீட்டுக்கு எதிர் மேட்டில்தான் ஆஸ்பத்திரி. நடுவில் ஒரு ரோடு. என் மனைவி அம்சவேணிக்கு ஜுரம் கொதித்தது. கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை.

"நடந்து வர்றவங்கள உள்ள விடக்கூடாதுங்க. வண்டியில வாங்க."

"எதிர்வீடுய்யா!"

"தெரியுமுங்க. தெனமும் பாக்குறேன்ல? வண்டியில வாங்க."

என் லாரி வீட்டு வாசலில் நின்றது. கேரட் ஏற்றும் வண்டி. வேணியைக் கேபினில் உட்கார வைத்துச் சாவியைத் திருகினேன். உர்ரென்று இழுத்தது. பிடிக்கவில்லை. வந்த ஆத்திரத்தில் ஸ்டியரிங்கைக் குத்தினேன். கை வலித்ததுதான் மிச்சம்.

மெக்கானிக் பிரகாசம் ஏற்கெனவே வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். போன பனியிலிருந்து அங்கேதான் இருக்கிறார்.

"மேட்டப் பாத்து நிறுத்தியிருக்கியே, அறிவிருக்கா உனக்கு? பள்ளத்தப் பாத்து நிறுத்தியிருந்தா தள்ளிவிட்டே ஸ்டார்ட் பண்ணியிருக்கலாம்ல?"

இந்த மலையில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். கதவு வீட்டுப் பக்கம் வந்தால் வேணி இறங்கச் சுலபமாக இருக்கும் என்றுதான் நேற்று திருப்பி நிறுத்தினேன்.

பிரகாசம் பேட்டரியைப் பார்த்தார். உயிர் இருந்தது. பில்டரைக் கழற்றினார். டீசல் நெய் மாதிரி உறைந்திருந்தது. வெந்நீர் ஊற்றினோம். கைப்பம்பை அடித்துக் குழாயிலிருந்த காற்றை எடுத்தோம். நுரை நின்று டீசல் வந்தது. கடைசியாக ஹீட்டர் பிளக்கைத் தொட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது செத்துப்போச்சு. எஞ்சினுக்குச் சூடு வேணும். யாருக்காச்சும் ஜுரம் இருக்கா?"

நான் கேபின் கதவை மறைத்து நின்றேன். கேபினிலிருந்து வேணி கையைத் தூக்கினாள்.

"எனக்கு ஜுரம் நல்லா இருக்குண்ணே."

"அவளுக்காகத்தான் வண்டியே!" என்று கத்தினேன்.

"அதனாலதான் கேக்குறேன். வண்டி கெளம்பினாத்தானே அந்தப் புள்ள பொழைக்கும்?"

நியாயம்தான். என் வயிறு பற்றி எரிந்தது. அந்தச் சூடு போதாது என்றார்.

சீட்டுக்கு நடுவிலிருந்த எஞ்சின் மூடியைத் திறந்துவிட்டு மறுபடியும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். வேணி இரண்டு கையையும் எஞ்சின் மேல் வைத்தாள். சாவியைத் திருகினேன். எஞ்சின் இருமியது. வெள்ளைப் புகை கக்கியது. பிடித்துக்கொண்டது.

"ஸ்டார்ட் ஆயிடுச்சு பாருங்க," என்று வேணி சிரித்தாள். அவள் உதடு நீலமாக இருந்தது.

ரோட்டைத் தாண்டினேன். வண்டி நின்ற இடத்தில் பிரகாசம் மல்லாந்தபடியே கிடந்தார். இந்த முறை வாட்ச்மேன் சலாம் வைத்துக் கேட்டைத் திறந்தார். கேபினில் ஏறி வேணியின் நெற்றியைத் தொட்டார்.

"ஜில்லுனு இருக்காங்களே. ஜுரமே இல்லீங்க."

"மூச்சும் இல்லய்யா!"

"அது ஸ்டார்ட்டிங் பிரச்சினைங்க. மெக்கானிக்கத்தான் கேக்கணும்." எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். பதறிக் கையை எடுத்தார். "ஐயய்யோ, இதுக்குத்தான் ஜுரம் கொதிக்குது. இத அட்மிட் பண்ணிக்குறோம். அம்மாவ எறக்கிடுங்க."

இறக்கினேன். வாட்ச்மேன் ஓட்ட, லாரி உள்ளே போனது. கேட் மூடியது. ஆஸ்பத்திரி அவள் கண்ணில் படட்டும் என்று வேணியை ரோட்டோரம் உட்கார வைத்தேன். பிரகாசம் எழுந்து வந்து அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்.

"தள்ளிப் பாக்கலாமாண்ணே?" எனக்கு அழுகை முட்டியது.

"எப்படித் தள்றது? இவளையும் மேட்டப் பாத்துதானே உக்கார வச்சிருக்க."

அவளைப் பள்ளத்தைப் பார்த்துத் திருப்பினேன். முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன்.

"இன்னும் வேகமா," என்றார் பிரகாசம்.