இருபத்திரண்டாவது ஊர்

அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்துக் கேத்ரின் ஒரு புத்தகத்தைப் புரட்டினாள். இருபத்தோராவது ஊரோடு அது முடிந்திருந்தது.

"நம்ம ஊரு எங்கங்க?"

அவள் கணவன் ரிச்சர்ட் இட்லித் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எடுத்துட்டேன். டிரஸ்ட் அரசியல் பண்ணக் கூடாதுட்டி. பதிவே போயிரும்."

ராஜபாளையத்தில் அவன் அப்பா பெயரில் நடக்கும் வேதமணி அறக்கட்டளைக்கு அவன்தான் செயலாளர். செத்த பிறகும் சாதி பார்க்கும் ஊர்களைப் பற்றி ஆய்வு செய்யச் சொன்னவனும் அவனே. கேத்ரின் எட்டு மாதம் வெயிலில் அலைந்து இருபத்திரண்டு ஊர்களைப் பற்றி எழுதினாள். விடுபட்டது இருவருக்கும் சொந்த ஊர். அங்கே சபைக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர். கேத்ரின் பிறந்த தெருக்காரர்களுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் குழி.

"ஆடிட்டர் சமுத்திரம் சார் தெளிவாச் சொன்னாரே! இந்தச் சட்டத்தப் போடுங்கன்னு மந்திரிய, எம்.எல்.ஏ.வப் போயி நெருக்கக் கூடாது. உள்ளத ஆராய்ஞ்சு அச்சடிச்சு எல்லாருக்கும் குடுக்கலாம், கூட்டம் போட்டுப் பேசலாம்னு. மத்த ஊரெல்லாம் ஆய்வு, நம்ம ஊரு மட்டும் அரசியலா?"

"அப்பாவ அங்கதான அடக்கம் பண்ணி வச்சிருக்கு? சித்தப்பாமாரு மொகத்துல நான் எப்படி முழிக்க?"

அதுதான் விஷயம். சட்டத்தை முன்னால் நிறுத்திவிட்டு அவன் பின்னால் ஒளிந்துகொண்டான்.

பதினோரு வருடத்துக்கு முன் அதே சித்தப்பாமார்களை எதிர்த்துத் தன்னைக் கட்டிக்கொண்டவன் இவன்தானா என்று கேத்ரினுக்கு நெஞ்சு எரிந்தது. அந்தச் சுவரைப் பற்றித் துணிந்து பேசியவள் அவள் தெருவைச் சேர்ந்த பரிபூரணம் ஒருத்திதான். பெயர் புத்தகத்தில் வரும் என்று அவளுக்குக் கேத்ரின் வாக்குக் கொடுத்திருந்தாள். தாலி கட்டியவனே காலை வாரிவிட்டான்.

அன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா. முன்வரிசையில் சித்தப்பாமார். கடைசி வரிசையில் பரிபூரணம் எழுத்துக்கூட்டிப் பக்கம் பக்கமாகத் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும் பயந்து நாங்கள் உண்மையை மறைப்பதில்லை" என்று ரிச்சர்ட் மேடையில் முழங்கினான். பலமாகக் கை தட்டினார்கள்.

அடுத்துக் கேத்ரின். அவள் புத்தகத்தைத் தொடவே இல்லை. தன் கையெழுத்துப் பிரதியிலிருந்து விடுபட்ட ஊரை வாசித்தாள். சுவரின் நீளம், உயரம், கட்டிய வருடம், பரிபூரணம் சொன்னது, அவள் பெயர், எல்லாம். முன்வரிசையில் நாற்காலிகள் உரசின. ரிச்சர்ட் வேகமாக எழுந்து அருகே வந்தான்.

"பயப்படாதீங்க. செவர இடிங்கன்னு டிரஸ்ட் பேருல யார்ட்டயும் நான் கேக்கல" என்றாள் கேத்ரின். "ஒங்க பொண்டாட்டியா ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நான் செத்தா, என்னய எந்தப் பக்கம் வைப்பீங்க?"

மைக்கை அவனிடம் நீட்டினாள்.

அவன் முன்வரிசையைப் பார்த்தான்.