ஒன்பதாவது பன்

முடிதிருத்தகத்தில் வேலை பார்ப்பவர்கள் நான்கு பேர். மதியத்துக்கு ஆளுக்கு இரண்டு பன் என்றால் எட்டு. கணக்குத் தெரியாத பெண்ணல்ல ஃபீன், ஆனாலும் பன் வாங்கப் போனால் பத்தோடுதான் திரும்பி வருவாள். மிஞ்சிய இரண்டையும் சாதாரண நாட்களில் ஆற்றங்கரைப் பறவைகள் தின்னும். சனிக்கிழமையானால் ஒன்பதாவதை லேன் தின்பான்.

லேன், கூட வேலை செய்யும் சோன்யாவின் அண்ணன். வாராவாரம் மொட்டை போட வருவான். ரோட்டர்டாமில் அப்போது இளவட்டம் பாதிக்கு மேல் மொட்டையும் பளபளக்கும் விளையாட்டுச் சட்டையுமாகத்தான் திரிந்தது. மெஷின் தலையில் ஓடி முடிந்ததும் லேன் உரிமையோடு அந்த ஒன்பதாவது பன்னை எடுத்துக் கடிப்பான்.

"என் அண்ணனுக்குன்னு தனியா ஒண்ணு வாங்குற, எங்களுக்குத் தெரியாதுன்னு நெனப்பா?" என்று சோன்யா இடிப்பாள். ஃபீன் சிரித்து மழுப்புவாள். காதல் என்று நினைத்துக்கொள்ளட்டும், உண்மை தெரிவதற்கு அது எவ்வளவோ மேல்.

உண்மை இதுதான். அவர்கள் மொழியில் எட்டு என்ற சொல்லுக்கு நடுவில் ஒரு தொண்டை எழுத்து இருக்கிறது. ரோட்டர்டாம்காரர்கள் அதைக் காறித் துப்பப் போகிறவர்கள் மாதிரி சொல்வார்கள். தெற்கே லிம்பர்க் பக்கம் அதே எழுத்து, நாம் 'மகள்' என்னும்போது நடுவில் வருகிற க மாதிரி இளகிக் குழைந்து வரும். ஃபீன் லிம்பர்க்காரி. வாயைத் திறந்து எட்டு என்றால் போதும், குட்டு உடைந்துவிடும். ஒன்பதிலும் அதே எழுத்து, பத்தில்தான் இல்லை.

உடைந்தால் என்ன என்று கேட்கலாம். ரோட்டர்டாமுக்கு வந்த புதிதில் வேறொரு கடையில் சேர்ந்திருந்தாள். அந்த முதலாளியம்மா அவளை நடுக்கடையில் நிறுத்தி, "எட்டு அழகான கால்வாய்" என்று சொல்லச் சொன்னாள். தெற்கத்திக்காரர்களைக் கிண்டல் செய்ய அந்த ஊரில் எல்லோரும் சொல்லச் சொல்வது அது, மூன்று சொல்லிலும் தொண்டை எழுத்துதான். அவள் சொன்னாள். தலையில் நுரையோடு உட்கார்ந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னும் ஒரு தரம் என்றார்கள். பின்கட்டில் இருந்தவர்களையும் கூப்பிட்டார்கள். அன்றே கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறியவள், அதன்பிறகு அந்த எழுத்தையே வாழ்க்கையிலிருந்து தள்ளி வைத்துவிட்டாள்.

சொல்வது சுலபம். அந்த மொழியில் காலை வணக்கத்தில் அந்த எழுத்து இரண்டு தரம் வருகிறது. எனவே அவள் தலையை மட்டும் ஆட்டினாள், திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கினாள். சொந்த மாகாணத்தின் பெயரும் அந்த எழுத்தில்தான் முடிகிறது, அதனால் எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் டெல்ஃப்ட் என்றாள். டெல்ஃப்ட்டை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அம்மாவோடு பேச நாலு தெரு தள்ளியிருக்கும் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினாள். நல்ல வேளை, மொட்டை என்ற சொல்லில் அந்த எழுத்து இல்லை, பிழைப்பு ஓடியது. ஆனால் நாளெல்லாம் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் சோதித்துப் பார்த்துத்தான் வாயைத் திறந்தாள். அந்த ஊரில் ஒருத்தியாகிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

இந்த நேரம் பார்த்து லேன் சொந்தமாக ஒரு இசைத்தட்டு வெளியிடக் கிளம்பினான். கேட்டால் நெஞ்செலும்பு அதிர்கிற, சம்மட்டியால் தகரத்தை அடிக்கிற மாதிரியான அந்த இசைக்குப் பெயர் கபர். கூட்டாளி என்று அர்த்தம். எழுதும்போதுதான் கபர், சொல்லும்போது முதல் எழுத்து அதே தொண்டை எழுத்து. தட்டின் நடுவே ஒரு பெண் அந்தப் பெயரைக் கத்த வேண்டும். கடையில் ஒரு நாள் கையில் வெந்நீர் பட்டு ஃபீன் போட்ட கூச்சல் லேன் காதிலேயே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டு மாடிக்கு வரச் சொன்னான். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சரி என்றாள்.

அந்த வாரம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் காறிக் காறிப் பழகினாள். தொண்டை புண்ணாகி, அதிமதுர மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டே திரிந்தாள்.

ஞாயிறு மதியம். ஆளுக்கு ஒரு காப்பி, ஒரே ஒரு பிஸ்கட், உடனே டப்பா மூடப்பட்டது. முதலில் சோன்யா கத்திப் பார்த்தாள். இசையின் அடியும் கரகரப்பு, எழுத்தும் கரகரப்பு. இரண்டும் ஒன்றோடொன்று கரைந்து 'அபர்' என்று மொண்ணையாகக் கேட்டது. அடுத்து ஃபீன். பழகிய காறலைப் போட்டாள். அதுவும் அபர். மறுபடி போட்டாள், இருமல் வந்தது. மறுபடியும்.

சோன்யா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "டெல்ஃப்ட்ல இப்படியாடி பேசுவாங்க? நிஜமா நீ எந்த ஊரு?"

புண்ணான தொண்டை, ஒரு வார எரிச்சல், இத்தனை காலம் விழுங்கியது எல்லாம் சேர்ந்து ஃபீனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"லிம்பர்க்! போதுமா? எட்டு பன் கேக்க வாய் வராம தெனமும் பத்து வாங்குறேன். காலைல ஒருத்தருக்கு வணக்கம் சொல்ல முடியல. எங்கம்மாகூடத் திருடி மாதிரி ஒளிஞ்சு பேசுறேன்."

அத்தனையும் இளகிய எழுத்தில் வந்தது. சோன்யா வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனாலும் சிரிப்பு பீறிட்டது. "ஐயோ, ஒரே ஒரு தரம் 'எட்டு அழகான கால்வாய்' சொல்லேன்."

அவள் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் இருந்தால்தான் வலிக்கும் என்று யார் சொன்னது? ஃபீன் மைக்கை வைத்துவிட்டுக் கோட்டை எடுத்தாள். பாதிப் படி இறங்கியிருப்பாள், மேலேயிருந்து அவள் குரலே அவளுக்குக் கேட்டது. லேன் ஒலிப்பதிவை நிறுத்த மறந்திருந்தான். இப்போது அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். அடி இடியாய் விழுந்தது. அதன் மேலே அவளுடைய லிம்பர்க், கடைசி எழுத்து வரை, சீறிக்கொண்டு தெளிவாக வந்தது.

"இந்த எழுத்துதான் வேணும்" என்று லேன் யாருக்கோ சொல்கிற மாதிரி சொன்னான். "கூச்சல்ல முங்காம நிக்குது பாரு."

ஃபீன் கையில் கோட்டோடு நின்றாள். முந்தின கடையிலும் இப்படித்தான் கோட்டைத் தூக்கினோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இன்னொரு ஊருக்குப் போய் இன்னொரு பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை. திரும்பி மேலே ஏறினாள். மைக்கை எடுத்து, சோன்யாவின் முகத்தைப் பார்த்தபடி, எட்டு அழகான கால்வாயைச் சொன்னாள். சோன்யா சிரித்தாள். ஃபீன் இன்னொரு தரம் சொன்னாள். இன்னும் ஒரு தரம், இன்னும் சத்தமாக. சோன்யாவின் சிரிப்பு மெல்ல வற்றியது, கடைசியில் அவள் தரையைப் பார்த்தாள்.

"இப்போ போடு" என்றாள் ஃபீன். அடி தொடங்கியது. அந்த இசையின் பெயரைத் தன் அம்மா சொல்வது மாதிரியே சொல்லிக் கத்தினாள்.

ஒரே தடவையில் முடிந்துவிட்டது. சோன்யா பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நீட்டினாள். அந்த வீட்டில் இரண்டாவது பிஸ்கட் என்பது லேசுப்பட்ட காரியமல்ல. மன்னிப்புதான் அது, ஃபீனுக்கும் புரிந்தது. எடுத்துக்கொண்டாள்.

லேன் மட்டும் ஒயர்களைச் சுருட்டியபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். அவள் கிளம்பும்போது, முகத்தைப் பார்க்காமல், "அப்போ அந்த ஒன்பதாவது பன் எனக்காக வாங்கினது இல்லியா?" என்று கேட்டான்.

இல்லை என்றாள். வேறென்ன சொல்வது? அவன் மொட்டை காது வரை சிவந்தது. தெருவுக்கு வந்த பிறகும், வாரம் முழுக்கவும் அந்தச் சிவப்பு அவளை விடவில்லை.

சனிக்கிழமை காலை ரொட்டிக் கடைக்காரர் அவளைக் கண்டதுமே பத்தை எண்ணத் தொடங்கினார். அவள் அவருக்குக் காலை வணக்கம் சொன்னாள், இரண்டு தொண்டை எழுத்தோடும். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டு" என்றாள். "அப்புறம் ஒண்ணு. அதைத் தனியா கட்டிக் குடுங்க."

"அதுக்கு ஒன்பதுன்னே கேக்கலாமே, பொண்ணே."

"இல்லைங்க" என்றாள் ஃபீன். "எட்டு. அப்புறம் ஒண்ணு."