ரெண்டு இருமல்

ஒன்பது வயதுப் பெண்பிள்ளைகளின் கால்பந்து ஆட்டத்தில் பெற்றோர் போடுகிற கூச்சலைக் காதுகொடுத்துக் கேட்க முடியாது. அந்தப் பிள்ளைகளுக்குக் கோச் நான். ஆட்டம் முடியும்வரை பெற்றோர் வாயைத் திறக்கக் கூடாது என்று தாள் அச்சடித்துக் கொடுத்தேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பெண்ணின் அப்பா, பல் டாக்டர், "அருமையான யோசனை சார்" என்று கையை வேறு குலுக்கினார்.

சனிக்கிழமை ஆட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. பல் டாக்டர் மட்டும் இருமிக்கொண்டே இருந்தார். ஒரு தடவை இருமினால் மகள் பந்தைத் தோழிக்குத் தள்ளினாள். இரண்டு தடவை இருமினால் கோலுக்கு அடித்தாள். அது சைகை என்று எனக்குப் புரிந்தது. படித்த மனுஷன் செய்கிற வேலையா இது? அவர் கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்தேன்.

"குடிங்க சார். இன்னொரு தடவை இருமினீங்க, வெளிய அனுப்பிடுவேன்."

கடைசி நிமிடத்தில் எதிர் டீமின் கோல்கீப்பர் வழுக்கி விழுந்தாள். பந்து டாக்டர் மகளின் காலடியில். எதிரே காலி கோல். அவள் அடிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர் டீம்காரி வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போனாள்.

"ஏம்மா அடிக்கல?" என்றேன்.

"அப்பா இருமவே இல்லையே சார்."