கூத்தாடி என்றால் வந்து நிற்க வேண்டும்

செவல்மேட்டில் ஒரு தொழிலின் பேரைச் சொன்னால், அந்தத் தொழில் செய்கிற ஆள் வந்து நிற்க வேண்டும். தச்சன் என்றால் தச்சர் வருவார்.

தோல்பாவைக் கூத்து நடத்தும் பலவேச ராவுக்குத்தான் பெரும்பாடு. அவர் தொழிலின் பேரை வேலைக்கென்று யாரும் சொல்வதில்லை; வைவதற்குத்தான் சொல்கிறார்கள். கீழத்தெரு பிச்சக்கனியின் புருஷன் தங்கமுடி, வேலைவெட்டிக்குப் போகாமல் கண்ணாடி முன் நின்று பாடுகிறவன். விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் அவனைக் கூத்தாடி என்பாள். ராவ் ஆட்டிக்கொண்டிருக்கும் பொம்மையைத் திரையோரம் சாத்திவிட்டு, அவள் வாசலில் போய் நிற்பார். வைது முடித்து, "சரி, போய்ட்டு வாங்க அண்ணாச்சி" என்று அவள் சொன்ன பிறகே திரும்பலாம். அதற்குள் சனம் கலைந்திருக்கும்.

ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் ஆகாமல் கட்டிய திரையை அவிழ்க்கக் கூடாது என்பது கூத்து முறை. பதினோரு நாளாக ராஜா கிரீடத்துக்குத் தலையைக் குனிந்தபடியே நிற்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவில்பட்டியில் ராவின் மகளுக்குப் பரிசம்.

வியாழன் காலையில் ராவ் பிச்சக்கனியிடம் கேட்டுப் பார்த்தார்: இன்றைக்கு மட்டும் வேறு சொல்லால் வையக் கூடாதா? திருடன் என்று ஒருநாள் வைதாளாம். மேலத்தெருவிலிருந்து ஒருத்தர் மரியாதையாக வந்து நின்றுவிட்டுப் போனார். மறுநாள் செம்பைக் காணோம். சோம்பேறி என்றால் யாரும் வரமாட்டார்களே என்றார் ராவ்.

"அதுல உறைப்பு இல்ல அண்ணாச்சி. சொன்னா இந்த மனுசன் சிரிக்காரு."

ராவ் தங்கமுடியைக் கூப்பிட்டு, கோமாளிப் பொம்மையைக் கையில் கொடுத்து, ஆட்டிக்கொண்டே ஒரு வரி பாடச் சொன்னார். பாடினான். அத்தோடு ஊரில் கூத்தாடிகள் இரண்டு பேர் ஆனார்கள். சொல்லுக்கு ஒருவர் நின்றால் போதும்.

அன்று மாலை கீழத்தெருவில் சொல் விழுந்தது. தங்கமுடி அடுக்களையிலிருந்து முன்வாசலுக்கு வந்து நின்றான். இங்கே ராஜா கிரீடம் வைத்துக்கொண்டார். கழுத்து பிடித்திருந்ததால் சிம்மாசனத்தில் சற்றுச் சாய்ந்தே உட்கார்ந்தார்.

விடிந்ததும் திரையை அவிழ்த்துச் சுருட்டி, பொம்மைப் பெட்டியோடு ராவ் பஸ் ஏறினார். கீழத்தெருவில் பிச்சக்கனிக்குப் பழைய சொல் அலுத்துவிட்டது. தொழில்காரனைத் தொழில் பேர் சொல்லிக் கூப்பிடுவது வசவா? படுக்கையிலிருந்து எழுந்திருக்காத புருஷனைப் பார்த்து, பெரிய ராஜா இவரு என்றாள்.

பஸ்ஸில் பெட்டி திறந்தது. ராஜா கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி, கீழத்தெருப் பக்கம் நடந்தார். ராஜா ஏறிய வண்டியை அவர் இல்லாமல் எடுப்பது முறையில்லை என்று டிரைவர் என்ஜினை அணைத்தார்.