கனமான குண்டுக்கு மருந்து குறைவு

1

இந்தக் கதை என் மச்சான் சாப்பாட்டு மேஜையில் சொன்ன ஒரு பேச்சிலிருந்து வந்தது. போட்டிகளில் சுடுகிறவர்களுக்குத் துப்பாக்கி பழுது பார்ப்பவன் அவன். "கனமான குண்டு போட்டா மருந்தைக் குறைக்கணும். மறந்தா மூஞ்சி போயிடும்" என்று சொல்லிவிட்டுச் சாவகாசமாகத் தண்ணீர் குடித்தான். எனக்கு அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

முதல் வரியை இப்படி எழுதினேன்: அன்று காற்று பலமாக— (வேண்டாம். காற்றில் ஆரம்பித்தால் யார் பயப்படுவார்கள்?)

2

ஓர் அண்ணன், ஒரு தங்கை. தங்கை தூர இலக்குப் போட்டிகளில் சுடுகிறவள். அவளுடைய தோட்டாக்களை அண்ணன்தான் வீட்டுப் பின்னறையில் தயாரிக்கிறான். பித்தளைக் கூட்டுக்குள் வெடிமருந்தை அளந்து கொட்டி, மேலே குண்டை வைத்து அழுத்துவான். இதுவரை லேசான குண்டுதான். தேர்வுப் போட்டி நெருங்கியதும், லேசானதைக் காற்று இழுத்துக்கொண்டு போகிறது, கனமானதுதான் வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.*

* கனமான குண்டு மெல்லக் கிளம்பும். காற்றுக்குச் சுலபத்தில் வளையாது. ஆனால் பழைய அளவு மருந்தை அதன் பின்னால் வைத்தால், அழுத்தம் எகிறித் துப்பாக்கி பின்பக்கமாகத் தெறிக்கலாம். பின்பக்கம் என்பது அவள் கன்னம். (இந்தக் குறிப்பை நீக்கிப் பார்த்தேன். நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அதனால்தான் திரும்பச் சேர்த்தேன்.)

3

அண்ணனை முதலில் அசட்டையான ஆளாக எழுதினேன். ஒட்டவில்லை. அப்படிப்பட்டவனை நம்பி யார் கன்னத்தைக் கொடுப்பார்கள்? சுத்தக்காரனாக, பயந்தாங்கொள்ளியாக மாற்றினேன். வேலை முடிந்ததும் மருந்து அளக்கும் கருவியைக் காலி செய்து, எவ்வளவு மருந்து விழ வேண்டும் என்று வைக்கும் அளவுத் திருகை முழுக்க மூடி, துடைத்து வைப்பான். கனமான குண்டுத் தோட்டாக்களைச் செய்து முடித்த அன்றும் அதையே செய்தான்.

தங்கை தோட்டாப் பெட்டியோடு போட்டிக்குக் கிளம்பிப் போன பிறகு அவனுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. குண்டை மாற்றியது நினைவிருக்கிறது. திருகைக் குறைத்தோமா? தராசில் போட்டுப் பார்த்தது இந்தத் தடவையா, போன தடவையா? திருகைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அது பளபளவென்று மூடிக்கிடக்கிறது. அவளைப் போனில் அழைத்தான். சுடும் இடத்தில் போனை வெளியே வைத்துவிட வேண்டும். மணி அடித்து ஓய்ந்தது.

4

போட்டி நடக்கும் இடத்துக்கு ஓடினான். போன போட்டியிலும் இப்படித்தான் வேண்டாத சந்தேகத்தில் கூச்சல் போட்டு ஆட்டத்தையே நிறுத்தினான். அன்று தங்கை சொன்னது காதிலேயே நின்றது: "இன்னொரு தரம் பயந்து என் மானத்தை வாங்கினே, உன் கையால செஞ்ச தோட்டாவைத் தொடவே மாட்டேன்." அவள் பக்கத்தில் அவனுக்கு இருந்த ஒரே இடம் அந்தத் தோட்டாக்கள்தான்.

[இங்கே அவன் வாயை மூடிக்கொண்டு நிற்பதாக ஒரு முடிவு எழுதினேன். அவள் படுத்து, கன்னத்தைச் சாய்த்து, விரலை— இல்லை. என்னால் முடியாது.]

கத்தினான். எல்லாத் துப்பாக்கிகளும் இறங்கின. தங்கை எழுந்து வந்தாள். அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் அவன் இவ்வளவு பயந்திருக்க மாட்டான். பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து நீட்டினாள்.

"பிரிச்சு எடை போட்டுக் காட்டுண்ணா. சரியா இருந்தா, இனிமே நீ வேண்டாம்."

5

கருவிகளைச் சரிபார்க்கும் மேஜையில் தராசு இருந்தது. குண்டைப் பிடுங்கி மருந்தைத் தட்டில் கொட்டினான். அளவு சரியென்றால் தங்கை போய்விடுவாள். கூடுதலென்றால், அவளைக் கொல்லக்கூடிய தோட்டாவைச் செய்தவன் அவன். இரண்டு முடிவையும் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டும் நன்றாகத்தான் வந்திருக்கின்றன.

ஆனால் தராசில் எண் ஓடிக்கொண்டிருந்தபோது அவன் மனசுக்குள் எட்டிப் பார்த்துத் தொலைத்தேன். கூடுதலா இருக்கட்டும், கடவுளே, கூடுதலா இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தான். அப்படி வேண்டுகிறோம் என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. தங்கை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண் நின்றுவிட்டது. நீங்களே குனிந்து படித்துச் சொல்லுங்கள். அவள் எதிரில் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.