சுவருக்குள் கிடந்த துவக்கு

யோகலிங்கத்துக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரு குளியலும் ஒரு நித்திரையும்தான். விடியப்புறம் எழும்பி ஒஸ்லோ முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்த மனுசனை, வந்த கையோடு நிலவறைக்குள் இறக்கிவிட்டாள் மனைவி தங்கேஸ்வரி. குரோருட்டில் அவர்கள் வாங்கிய அந்தப் பழைய மரவீட்டின் நிலவறைச் சுவர்ப் பலகைகள் ஈரம் குடித்து உப்பிப்போயிருந்தன. குளிர் தொடங்குவதற்குள் மாற்றியாக வேண்டும் என்று அவள் கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னதைச் செய்யாவிட்டால் அந்த வீட்டில் சோறு கிடைக்கும், முகம் கிடைக்காது.

மூலைப் பலகையைக் கழற்றியபோது எண்ணெய்ச் சீலை சுற்றிய பொட்டலம் ஒன்று பொத்தென்று காலடியில் விழுந்தது. தங்கேஸ்வரிதான் பிரித்தாள். உள்ளே நீளக் குழாய் வைத்த ஒரு கைத்துப்பாக்கி, அதோடு தோளில் வைக்கிற மரக்கட்டை ஒன்று. கட்டையைப் பின்னால் கொளுவினால் கைத்துப்பாக்கி ரைபிளாகிவிடும். ஜெர்மன்காரன் நோர்வேயைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் யாரோ ஒளித்துவைத்திருக்க வேண்டும்.

"இதென்னப்பா சாமான்?" என்று கேட்டான் யோகலிங்கம்.

நடிப்பென்றால் அப்படியொரு நடிப்பு. சீலை அவிழ முதலே, விழுந்த சத்தத்திலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. ஆனால் கலியாணமான நாளிலிருந்து, துவக்கை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்றே அறியாத அப்பாவியாகத்தான் அவன் காலந்தள்ளி வந்தான். காரணம் இருந்தது. ஈழத்தில் ஆயுத இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடிய நாட்களில் தங்கேஸ்வரியின் அண்ணன் அருளானந்தன் ஒரு இயக்கத்தில் இருந்தான். இன்னொரு இயக்கம் அவனைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுட்டது. உடலைக்கூடக் கொடுக்கவில்லை. சுட்ட அந்த இயக்கத்தில்தான் யோகலிங்கம் இருந்தான்.

அவன் சுடவில்லை. அந்த நேரம் வேறொரு ஊரில் காவலுக்கு நின்றவன். கலியாணம் முடிந்து ஒஸ்லோவுக்கு வந்தவள் பெட்டியைத் திறந்து அண்ணனின் படத்தை எடுத்து மாட்டிய அன்றுதான் அவனுக்கு விஷயமே தெரியும். அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாள் என்று பயந்தான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வருடங்கள் போய்விட்டன.

"பொலிசிட்டைக் குடுத்திடுவம்" என்றான்.

"பொறுங்கோப்பா. தம்பி வரட்டும். அவனுக்கு உதுகளைப்பற்றித் தெரியும்."

தம்பி என்பது அவள் கூடப்பிறந்த கஜரூபன். சின்ன வயதிலேயே நோர்வேக்கு வந்து, படித்து, கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். வேலையிடத்து வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து வேட்டைக்காரர் சோதனை எழுதிப் பாஸ் பண்ணியிருந்தான். அதற்குப் பிறகு கோயிலிலோ பிறந்தநாளிலோ அவன் பக்கத்தில் மாட்டினவர்கள் காட்டு மாடு என்று அவன் சொல்லும் எல்க் மானைப் பற்றிக் கேட்காமல் வீட்டுக்குப் போக முடியாது.

சனிக்கிழமை பின்னேரம் வந்தான். தங்கேஸ்வரி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்த துவக்கு அப்போதுதான் மேசைக்கு வந்தது. அதன் குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தது யோகலிங்கம். அதை யாரும் கவனிக்கவில்லை.

"அத்தான், இதின்ரை பெறுமதி உங்களுக்கு விளங்கேல்லை" என்றான் கஜரூபன். "கட்டையிலை இருக்கிற நம்பரும் துவக்கிலை இருக்கிற நம்பரும் ஒண்டு. பழஞ்சாமான் சேர்க்கிற ஆக்கள் அள்ளிக் குடுப்பினம்."

"நீ வேட்டைக்குக் கொண்டு போகலாமோ?" என்று கேட்டாள் தங்கேஸ்வரி.

"பிஸ்டலோடை வேட்டைக்கு இஞ்சை விடமாட்டினம் அக்கா. கட்டையைக் கொளுவினால் ரைபிள் மாதிரி நிக்கும், ரைபிளின்ரை அடி இராது. மாட்டுக்கு அடிச்சால் மாடு கோவிக்கும், அவ்வளவுதான்."

"அப்ப என்னத்துக்கு உது?"

"வடிவுக்கு" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

"சட்டம் என்ன சொல்லுது?" யோகலிங்கம் கொட்டாவியோடு கேட்டான்.

"பேப்பர் இல்லாமல் வைச்சிருக்கிறது பிழைதான். ஆனால் இப்ப அம்னெஸ்டி, பொதுமன்னிப்பு, நடக்குது அத்தான். கொண்டுபோய்க் குடுத்தால் ஒரு கேள்வியும் கேக்கமாட்டினம். வைச்சிருக்க விருப்பமெண்டால் உங்கடை பேரிலை பதியக் கேக்கலாம். அப்ப விசாரிப்பினம்."

"குடுத்திடுவம்."

"விசர்க்கதை கதையாதேங்கோ. வீட்டுக்கு வந்த சீதேவி" என்றாள் தங்கேஸ்வரி.

யோகலிங்கத்தின் கண் துவக்கின் பின்பக்கத்தில் இருந்தது. அங்கே குண்டைத் தட்டுகிற சுத்தியல் இழுபட்டு நின்றது. உள்ளே ரவை இருக்கலாம். வாயைத் திறந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கஜரூபன் இதை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகட்டும், தனிய இருக்கும்போது எடுத்துவிடலாம் என்று பேசாமல் இருந்தான். பெரிய கெட்டிக்காரன்.

கஜரூபன் கட்டையைக் கொளுவித் தோளில் வைத்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு யன்னலைப் பார்த்தான், சுவரிலிருந்த அண்ணனின் படத்தைப் பார்த்தான், அப்படியே திரும்பினான். குசினி வாசலில் தங்கேஸ்வரி தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். அவன் விரல் விசையில் கிடந்தது.

கதிரை விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. யோகலிங்கத்தின் ஒரு கை குழாயை நிலத்தை நோக்கி அமத்தியது, மறுகை துவக்கைப் பறித்தது. மேலிரும்பைப் பின்னுக்கு இழுத்தான். ரவை ஒன்று துள்ளி மேசையில் விழுந்து உருண்டது. இழுத்தான், இன்னொன்று. இனி வராது என்னும்வரை இழுத்தான். பிறகு உள்ளே குனிந்து பார்த்து, அதுவும் போதாமல் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தான். திறந்தபடியே மேசையில் வைத்தான், குழாய் சுவர்ப்பக்கம்.

எல்லாம் ஒரு மூச்சு நேரம். கை தன்பாட்டில் செய்துவிட்டது.

"உள்ளுக்குக் கிடந்ததோ அத்தான்?" என்று கேட்டான் கஜரூபன்.

தங்கேஸ்வரி தட்டை இறக்கி வைத்தாள். ரவைகளை அவள் பார்க்கவில்லை. எண்ணெய் பட்ட அந்தச் சுண்டுவிரலைத்தான் பார்த்தாள்.

"அண்ணாவும் உப்பிடித்தான் விரலை விட்டுப் பாக்கிறவர்" என்றாள். பிறகு, "எந்த இயக்கம்?"

இந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் எப்பவோ தயார். யாருக்கும் கெடுதல் செய்யாத, இப்போது ஆளே இல்லாத ஒரு சின்ன இயக்கத்தின் பெயர். அது தொண்டை வரை வந்தது. சொன்னால் அதற்கு முகாம் வேண்டும், பொறுப்பாளன் வேண்டும், கூட நின்றவர்களின் பெயர் வேண்டும். அவ்வளவையும் இனிக் கட்டிச் சுமக்க உடம்பில் தெம்பில்லை. அலுத்துவிட்டது, ஐயோ, அப்படி அலுத்துவிட்டது. உண்மையான பெயரைச் சொன்னான்.

கஜரூபன் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டான்.

"நீங்களோ சுட்டது?"

"இல்லை. நான் அங்கை நிக்கேல்லை."

"ஆர் எண்டு தெரியுமோ?"

"நான் கேக்கேல்லை."

அவள் அழுவாள், கத்துவாள், பெட்டியை எடுப்பாள் என்று அவன் பார்த்திருந்தான். அவள் கதிரையை நிமிர்த்தி இருந்தாள்.

"அம்மா சாகுமட்டும் பிள்ளையை எங்கை புதைச்சவங்கள், எங்கை தாட்டவங்கள் எண்டு கேட்டவ" என்றாள். "ஆரிட்டைக் கேக்கிறதெண்டு எங்களுக்குத் தெரியேல்லை. நீங்கள் எனக்குப் பக்கத்திலை படுத்திருந்தனீங்கள்."

அவள் போய்விடுவாளே என்ற பயத்தில், தன்னிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது என்பது யோகலிங்கத்துக்கு ஒருநாளும் உறைக்கவில்லை.

"ஆரைக் கேட்டால் தெரியும்?"

"வடக்கை, ஹம்மர்பெஸ்டிலை ஒருத்தன் இருக்கிறான். மீன் பக்டரியிலை. அண்ணாவைச் சுட்ட நேரம் அவன் அந்தப் பக்கம் நிண்டவன்."

"எவ்வளவு காலமா இஞ்சை இருக்கிறான்?"

"நீர் நோர்வேக்கு வர முதலே."

தங்கேஸ்வரி எழுந்துபோய்த் தொலைபேசியை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"எடுங்கோ" என்றாள்.