முப்பது விநாடி

கிருபாகரனுக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் மாதச் சம்பளம். மறைமலை நகர்ப் பக்கம் வண்டிகளுக்குப் பெட்ரோல் டேங்க் செய்கிற தொழிற்சாலையில், கசிவு பார்க்கிற பிரிவில் ஏழு வருடமாக நிற்கிறான். வெல்டிங் முடிந்து வருகிற டேங்கின் வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, உள்ளே காற்றை ஏற்றி, முப்பது விநாடி உற்றுப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் சிவப்புப் புள்ளி. வராவிட்டால் பச்சைப் புள்ளி. நல்ல டேங்க் என்று எவன் சத்தியம் செய்தாலும் நம்பாதே, முப்பது விநாடி பார். இதுதான் தொழில் வேதம். வேலை முடிந்ததும் அந்த வேதத்தை யூனிஃபாரத்தோடு கழற்றி மாட்டிவிட்டு வந்திருந்தால் வம்பில்லை. அவன் அதைச் சாப்பாட்டு டப்பாவோடு வீட்டுக்கும் தூக்கி வந்தான்.

வினை ஜெசிந்தாவிடம் வந்து நின்றது.

ஜெசிந்தா திருவிடந்தைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் இருப்பவள். வயது இருபத்தொன்பது. ஒரு கல்யாணத்தைப் பண்ணி, கோர்ட்டில் அதை முடித்தும் வைத்தவள். கம்பெனி ஆண்டு விழா அந்த ரிசார்ட்டில் நடந்தபோது பழக்கம். பிறகு ஐந்து மாதம் ஃபோனிலேயே பேச்சு. அவனுடைய டேங்க் புராணத்தை ஒரு மனுஷி முழுசாகக் கேட்டதே அதுதான் முதல் தடவை. "முப்பது செகண்ட் கண்ண கொட்டாம பாப்பியா? என்ன ஒருத்தனும் அப்டி பாத்ததில்லப்பா" என்று அவள் சிரித்தாள். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை அங்கேயே சாய்ந்தான்.

அவளுடைய வார விடுமுறையில், மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில், பட்டப்பகலில் இருவரும் மனமொத்து ஒன்றாக இருந்தார்கள். ஆணுறை அவள் கைப்பையிலிருந்துதான் வந்தது. முன்யோசனையாக அவன் கொண்டுபோயிருந்தது அரைக் கிலோ மைசூர்பாகு.

திரும்பும் பஸ் பூஞ்சேரி தாண்டுவதற்குள் முதல் குமிழி வந்துவிட்டது. இவள் ஏன் அதைப் பையிலேயே வைத்திருந்தாள்? திருக்கழுக்குன்றத்தில் இரண்டாவது: "இது இல்லாம கெடையாது" என்று ஏன் அவ்வளவு கறாராகச் சொன்னாள்? அப்படியென்றால் அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. செங்கல்பட்டு ஏரி கண்ணில் பட்டபோது மூன்றாவது: அது கசிந்திருந்தால்? கிழியவில்லை, நழுவவில்லை, அவனே பார்த்தான். ஆனால் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தானா? ஏழு வருட சர்வீஸ்காரன், வாழ்க்கையின் முக்கியமான நாளில் சோதிக்காமலே பச்சைப் புள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறான்!

அன்றிலிருந்து அவன் உடம்பே தொட்டிக்குள் கிடந்தது. மூன்றாம் நாள் தும்மல். ஐந்தாம் நாள் கொதிக்கிற ரசத்தை அவசரத்தில் குடித்து நாக்கில் கொப்புளம். கொப்புளத்துக்கு ரசம் காரணம் என்பதை அவன் ஏற்கவில்லை. ரசம் ஒரு சாக்கு. தனக்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கி அலமாரி மேல் ஒளித்துவைத்தான். "இன்னாடா, வெள்ளி டம்ளரா அது? ஒளிச்சி ஒளிச்சி வச்சிகினு கீற?" என்று அம்மா முறைத்தாள்.

பத்தாம் நாள் தாங்கமுடியாமல் ஜெசிந்தாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினான்: "ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்காத. ஒனக்கு எச்.ஐ.வி. அது இதுன்னு எதுனா கீதா?"

'தப்பா நெனைக்காத' என்று சேர்த்துக்கொண்டதில், நாகரிகமாகத்தான் கேட்டிருக்கிறோம் என்று அவனுக்கு ஒரு நிம்மதி. இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு மாதம் வரவில்லை. இல்லையென்றால் இல்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஏன் சொல்லவில்லை? இப்படி ஒரு பக்கம் குமிழி. அவள் குரல் இல்லாமல் சாயங்காலங்கள் வெறிச்சென்று கிடந்தன. அது இன்னொரு பக்கம். எதற்காகத் தூக்கம் வரவில்லை என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள், தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றாமல் மருந்துக்கடைக்குள் போய், அதே கம்பெனி ஆணுறை ஒரு பாக்கெட் வாங்கினான். மறுநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஒன்றைப் பிரித்துக் காற்றுக் குழாயின் முனையில் கிளிப் போட்டு மாட்டி, தொட்டிக்குள் அமுக்கி, வால்வைத் திறந்தான்.

ஒரு விநாடியில் பூசணிக்காய். இரண்டாவது விநாடியில் அணுகுண்டு வெடி. தொட்டித் தண்ணீர் பாதி அவன் முகத்தில்.

"இன்னாடா சத்தம்?" சூப்பர்வைசர் ஜெகதீசன் தயிர்ச்சோற்றுக் கையோடு ஓடிவந்தார். ஓய்வு பெற மூன்று வருடமே இருக்கிற மனிதர். குழாய் முனையில் தொங்கிய ரப்பரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"அண்ணாத்த, ரெண்டே செகண்டு. முப்பது செகண்ட் தாங்கல. போச்சு, எல்லாம் போச்சு" என்று அவன் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எந்த ப்ரெஷர் வச்ச?"

"டேங்குக்கு வைக்கிறதுதான்."

"இரும்பு டேங்குக்கு வைக்கிற காத்த இதுக்கு வச்சியா? ஏண்டா, நீ போன எடத்துக்கு கம்ப்ரஸரயா தூக்கினு போன?"

அவன் அழுதான். ஜெகதீசன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அவன் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"எங்க ஊர்ல லாரி ஓட்டுனவன் ஒருத்தன், பேரு கண்ணாயிரம். ஒனக்கு மாரிதான். டெஸ்ட் எடுக்கறதுக்கே பயந்துகினு எட்டு வருஷம் கல்யாணம் வேணான்னுட்டான். கடைசில பாத்தா ஒண்ணுமே இல்ல. அந்த எட்டு வருஷத்த எவன் குடுப்பான்? செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில நம்பிக்கை மையம்னு டெஸ்ட் எடுக்கற ரூமு ஒண்ணு கீது. துட்டு கெடையாது, விஷயம் வெளிய போவாது. நாளைக்கு ஒனக்கு லீவு எழுதிக்கறேன். வயித்தால போவுதுன்னு போட்டுக்கட்டா?"

மறுநாள் அந்த அறை வாசலில், வரிசையில் நின்ற எல்லோரும் தனக்குச் சொந்தக்காரர்கள் என்று அவனுக்குத் தோன்றியது. உள்ளே ஆலோசகர் பூங்கொடி, கேள்விகளைக் காய்கறி விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

"கிழிஞ்சுதா?"

"இல்ல மேடம்."

"கழண்டுச்சா?"

"இல்ல."

"முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் போட்டிருந்தீங்களா?"

"ஆமா மேடம்."

"அப்ப பயப்பட ஒண்ணுமே இல்லியே. ஆறு வாரமும் தாண்டிடுச்சு. மனசு ஆறறதுக்காக ஒருதடவ பாத்துடலாம்."

கிருபாகரன் குரலைத் தாழ்த்தினான். "அதுல ஒரு விஷயம் மேடம். அத அவங்கதான் பையில வச்சிருந்தாங்க. ரொம்ப கண்டிப்பா வேற இருந்தாங்க. அதான்..."

பூங்கொடி பேனாவைக் கீழே வைத்தார். "ஹெல்மெட் போட்டுகினு வர்றவர பாத்தா, மண்ட ஏற்கெனவே ஒடஞ்சிருக்குன்னா நெனைப்பீங்க?"

அவன் மடியில் அவனுடைய ஹெல்மெட் இருந்தது.

புது ஊசியை அவன் கண்ணெதிரே பிரித்தார்கள். பிரித்த உறையை அவன் வாங்கிப் பார்த்தான். முடிவு வந்தபோது, "நெகட்டிவ். ஒண்ணுமில்ல" என்றார் பூங்கொடி.

"கிட்டு சரியா வேல செய்யிதா மேடம்?"

"இதோ, இந்த ஒரு கோடு விழுந்தா கிட்டு சரியா இருக்குன்னு அர்த்தம்."

அந்தக் கோட்டையும் முப்பது விநாடி பார்த்தான். பிறகு டம்ளர் விஷயத்தைக் கேட்டான்.

"ஒரே டம்ளர்ல குடிச்சா யாருக்கும் வராது. அப்டியே வந்தவங்களும் மாத்திர சாப்ட்டுகினு, வேலைக்குப் போயிகினு, குடும்பமா நல்லாதான் இருக்காங்க. அந்த டம்ளர எடுத்து உள்ள வைங்க. அப்புறம், அந்தம்மாகிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

அவன் எழுந்து, ஹெல்மெட்டை ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வண்டியிலேயே மாட்டிவிட்டு நடந்தான். நேராக பஸ் ஸ்டாண்டு.

மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்த ஜெசிந்தா, திருவிடந்தை நிறுத்தத்தில் அவனைப் பார்த்து நின்றாள். அவன் கையில் மைசூர்பாகு, சட்டைப்பையில் சோதனைக் காகிதம்.

"ஒண்ணுமில்லயாம் ஜெசி" என்று காகிதத்தை நீட்டினான். அவள் அதை வாங்கி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள்.

"சீலு மங்கலா கீது. செராக்ஸா?"

"சத்தியமா ஒரிஜினல்."

"நல்லா கீதா? சந்தேகம்னா எப்டி கீதுன்னு இப்ப தெரியுதா?" மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "நீ கேட்ட மறுநாளே திருப்போரூர் போய் நானும் டெஸ்ட் எடுத்துப் பாத்தேன். ஒன்ன திட்டிகினேதான் போனேன். பாதி வழில எனக்கும் வந்துடுச்சு. இப்டி கேக்கறானே, இவனுக்குதான் எதுனா கீதோன்னு. ஆறு வாரம் ஆனா மறுபடி வாங்கன்னாங்க, போனேன். ஒண்ணுமில்ல."

"ஏன் சொல்லல?"

"நீ கேட்ட கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்லணும்? பையில ஏன் வச்சிருந்தேன்னுதானே ஒனக்கு? எனக்கு புருஷனா இருந்தவன் எங்க போறான், யாரண்ட போறான்னு ஒரு நாளும் சொன்னதில்ல. நாலு வருஷம் பயந்துகினே படுத்திருந்தேன். வெளிய வந்த அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே என் ஒடம்ப நான்தான் பாத்துக்கணும்னு. அத போய் நீ..." ரோட்டைப் பார்த்தாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் சீறிக்கொண்டிருந்தன.

கிருபாகரன் காகிதத்தைக் கசக்கிச் சட்டைப்பைக்குள் திணித்தான். "தப்புதான் ஜெசி" என்றான். மைசூர்பாகை நீட்டினான்.

"இப்பவும் இதானா?" வாங்கிக்கொண்டாள். பிரிக்கவில்லை. கைப்பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டாள்: "ஒழுவுற டேங்க இன்னா பண்ணுவீங்க? தூக்கிப் போட்ருவீங்களா?"

"இல்ல. செவப்புப் புள்ளி வச்சி வெல்டிங்குக்கு திருப்பி அனுப்புவோம். அடைச்சினு வரும். மறுபடி தண்ணில போட்டுப் பாப்போம்."

"எத்தினி வாட்டி?"

"ரெண்டு வாட்டி. மூணாவது வாட்டியும் ஒழுவுனா காயலாங்கடைக்கு."

"இது ஒண்ணு" என்று விரலைக் காட்டினாள். மாமல்லபுரம் பஸ் வந்து நின்றது. "ஏறு. ஊருக்குப் போயி ஃபோன் பண்ணு."

"எடுப்பியா?"

"அடிச்சிப் பாரு. முப்பது செகண்ட் அடிக்கும் இல்ல? கண்ண கொட்டாம பாத்துகினு இரு."

அவன் ஊர் போய்ச் சேரும்வரை காத்திருக்கவில்லை. மாமல்லபுரத்தில் பஸ் மாறி, பூஞ்சேரி தாண்டுவதற்குள் எண்ணை அழுத்திவிட்டான். மணி அடித்தது. பத்து விநாடி. இருபது. எடுக்கமாட்டாள் என்று ஒரு குமிழி புறப்பட்டது. இருபத்தாறாவது விநாடியில் எடுத்தாள்.

"இன்னா, அதுக்குள்ள சந்தேகமா?"